மான்குர்டில் உள்ள வீட்டுக்கு நம்பகமான வாடகைதாரரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: செம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். மும்பையின் மான்குர்டில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், என் அப்பா வாங்கிய ஒன் ரூம் கிச்சன் வீடு ஒன்று இருக்கிறது. நாங்கள் செம்பூரில் குடியிருப்பதால் அதை வாடகைக்கு விட்டு வருகிறோம். வீட்டில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்குச் 'சரியில்லாத ஏரியா' என்று பெயர் விழுந்துவிட்டதால், வீடு பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறார்கள். கடைசியாகக் குடியிருந்தவர் சில மாத வாடகையையும் மின்கட்டணத்தையும் பாக்கி வைத்துவிட்டு, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டெபாசிட் முழுவதும் அந்தப் பாக்கிக்கே சரியாகப் போயிற்று.

இப்போது வந்திருக்கும் ஏஜெண்ட், டெபாசிட்டை இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டால் யாரை வைத்தாலும் கவலையில்லை என்கிறார். எனக்கும் என் கணவருக்கும் அதில் மனம் ஒப்பவில்லை. வருகிற ஆளைப் பற்றி யாரிடம் விசாரிப்பது, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று, இப்படிப்பட்ட இடங்களில் வீடு விட்டுப் பழகியவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: தொண்ணூறடிச் சாலை

அம்மா, தாராவியில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சில அறைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஏஜெண்ட் சொன்னதை ஏற்காதீர்கள். மாதச் சம்பளத்தில் கண்ணியமாகக் குடும்பம் நடத்துகிறவரால் பெருந்தொகையை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாது. டெபாசிட்டை ஏற்றினால் முதலில் விலகிப் போகிறவர் அவர்தான். வீட்டைச் சரியாகப் பார்க்காமலே கேட்ட பணத்தைக் கையில் கொடுத்து இன்றைக்கே சாவி வேண்டும் என்கிறவரைத்தான் நான் இரண்டு முறை விசாரிப்பேன்.

வெளியிலிருந்து வருகிறவர் ஏரியாவின் பெயரைக் கேட்டுத் தயங்குகிறார் என்றால், அவரை விட்டுவிட்டு அந்த ஏரியாவை ஏற்கெனவே அறிந்தவர்களைத் தேடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, டிராம்பே, மாஹுல் பக்கம் வேலை, அல்லது ஹார்பர் லைன் மின்ரயிலில் போய்வர வசதி என்று, அங்கேயே இருக்க ஒரு காரணம் உள்ளவர்கள் எளிதில் காலி செய்ய மாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏஜெண்ட் மூலமாக வருவதைவிட, பக்கத்து மளிகைக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, கோயில் கமிட்டிக்காரர் ஆகியோர் மூலமாக வருவதுதான் அதிகம்.

விசாரிக்கும்போது இப்போதைய வீட்டுக்காரரின் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காலி செய்தால் போதும் என்று நினைக்கிறவர் யாரையும் தங்கமான ஆள் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இனி எந்த லாபமும் இல்லை என்பதால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அவரிடம் 'ஆள் எப்படி?' என்று பொதுவாகக் கேட்காமல், வாடகை எந்தத் தேதியில் வரும், தாமதமானால் தானாகச் சொல்வாரா, போகும்போது வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

முடிந்தால் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கே ஒருமுறை போய் வாருங்கள். நான் போனால் பொருட்களைப் பார்ப்பதில்லை, மோரியை, அதாவது பாத்திரம் கழுவிக் குளிக்கும் மூலையைத்தான் பார்ப்பேன். தண்ணீர் டிரம் மூடியிருக்கிறதா, வடிகாலில் சோறும் குப்பையும் அடைத்துக் கிடக்கிறதா, ஒழுகும் குழாய்க்குத் துணியைச் சுற்றி விட்டிருக்கிறார்களா அல்லது வாஷர் மாற்றியிருக்கிறார்களா என்பதிலிருந்தே உங்கள் வீட்டை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது புரிந்துவிடும். கடந்த சில மாத மின்கட்டண ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பாக்கி சேர்ந்துகொண்டே வந்திருந்தால் அதிலேயே தெரியும்.

பதில்: பதிவு வேலை பார்ப்பவன்

ஐயா சொன்ன விசாரணையோடு காகிதமும் சேர வேண்டும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் 55-ஆம் பிரிவின்படி, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தை (குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க மட்டும் அனுமதி தரும் ஒப்பந்தம்) எழுத்தில் செய்து பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. பதிவு செய்யாமல் விட்டால், பின்னாளில் தகராறு வரும்போது, நீங்கள் மாறாக நிரூபிக்காத வரை, நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். உரிமையாளருக்குத் தண்டனையும் உண்டு. முறையான ஒப்பந்தம் இருந்தால், காலம் முடிந்தும் வெளியேறாதவர் மீது 24-ஆம் பிரிவின்கீழ் நேரடியாக, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். கெடு முடிந்தபின் தங்கும் நாட்களுக்கு வாடகையைப் போல் இரண்டு மடங்கு தொகை கோரவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. பெரிய டெபாசிட்டைவிட உங்களுக்குப் பாதுகாப்பு இதுதான்.

செலவும் பெரிதல்ல. முத்திரைத் தீர்வை, ஒப்பந்தக் காலத்து மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைச் சேர்த்து, அதில் 0.25 சதவீதம். மாதம் 14,000 ரூபாய் வாடகை, 50,000 டெபாசிட், 11 மாதம் என்று வைத்துக்கொண்டால் தீர்வை சுமார் 400 ரூபாய்தான் வரும். மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். கைரேகை எடுக்க ஆள் வீட்டுக்கே வந்துவிடுவார் என்பதால் அவருடைய கூலி தனி.

ஆதார் நகலைக் கையில் வாங்கியதோடு நிறுத்தாமல், அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து, பெயரும் படமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். குடிவருகிறவரின் விவரங்களை மும்பை காவல்துறையின் இணையதளத்திலுள்ள வாடகைதாரர் படிவத்தில் பதிவு செய்துவிடுங்கள். காவல்துறையின் ஆணைப்படி இது கட்டாயம். மீறினால் வீட்டு உரிமையாளர் மீதுதான் வழக்கு வரும். ஆனால் அது காவல் நிலையத்துக்கு நாம் தரும் தகவல் மட்டுமே, நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. படிவம் போட்டாயிற்று என்பதற்காக விசாரணையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் வீடு எஸ்ஆர்ஏ (குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தரும் அரசு அமைப்பு) திட்டத்தில் ஒதுக்கப்பட்டதாக இருந்தால், ஒதுக்கீடு பெற்ற ஆண்டையும் அதன் நிபந்தனைகளையும் முதலில் பாருங்கள். தடைக்காலத்துக்குள் விற்பதற்கு மட்டுமல்ல, வாடகைக்கு விடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

பதில்: ஆன்டாப் ஹில் அக்கா

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். ஏரியா சரியில்லை என்ற பயத்தில் நம் ஆட்களில் பலர், இன்ன மதம் வேண்டாம், இன்ன சாதி வேண்டாம், தனியாக வாழும் பெண் வேண்டாம் என்று வடிகட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இதைத் தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த மனிதரின் கண்ணியத்தை அது காயப்படுத்துகிறது. வாடகை ஒழுங்காக வருமா என்பதைப் பற்றியோ நமக்கு எதையும் சொல்வதில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் மறுத்து அனுப்பிய ஒரு விதவைத் தாய்க்கு நான் வீடு கொடுத்தேன். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வராத மாதம் கிடையாது.

வடிகட்டுவதற்கு முன் வீட்டைக் கவனியுங்கள். உறுதியான வெளிக்கதவு, நல்ல பூட்டு, படிக்கட்டில் எரியும் விளக்கு ஆகிய மூன்றும் இருந்தால், மனைவி மக்களோடு வருகிறவர்கள் துணிந்து வருவார்கள். குழாய் ஒழுகுகிறது என்று போன் செய்தால் அந்த வாரத்துக்குள் ஆள் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டு நீங்களே போய் எட்டிப் பாருங்கள்; ஏஜெண்டை அனுப்பாதீர்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகை வசூலிக்கப் பார்க்காதீர்கள். அதே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது; பாக்கிதாரர் வழக்குப் போட நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

மறுமொழி: செம்பூர்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பா அந்த வீட்டைத் தனியாரிடம் விலைக்கு வாங்கியதால் எஸ்ஆர்ஏ சிக்கல் இல்லை. நீங்கள் எழுதிய பிறகு, அந்தத் தெருவிலேயே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு குடும்பத்தைச் சொல்லியிருக்கிறார். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார், மனைவி மருத்துவமனையில் ஆயாவாக வேலை செய்கிறார். கணவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால் அவருடைய வருமானத்தை எப்படி உறுதி செய்வது?

பதில்: பதிவு வேலை பார்ப்பவன்

சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் ஆறு மாத வங்கிக் கணக்குப் பட்டியலைக் கேளுங்கள். கார் நிறுவனத்திலிருந்து வாரந்தோறும் வரும் தொகை அதில் தெரியும். கார் சொந்தமா, கடன் தவணை எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு முன் அந்தத் தவணைதான் கழியும். மனைவியின் சம்பளம் மாதாமாதம் நிலையாக வருவதால், ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேர்த்து, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வாடகையை யுபிஐ மூலம் உங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லி, தேதியையும், காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து இருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.