மலைநாட்டுக் குளிரில் பொடுகு: எண்ணெய் வைப்பதா, நிறுத்துவதா?

கொட்டகலை ஆசிரியை

மூன்று வருடமாகப் பொடுகு என்னை விடவில்லை. கறுப்புச் சேலை கட்டிப் பாடசாலைக்குப் போவதை நிறுத்தியே ஒரு வருடமாகிறது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது என் தோளில் கிடப்பது சோக்குத் தூளா, தலைச்செதிலா என்று பிள்ளைகள் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினேன், தேசிக்காய்ச் சாறு தேய்த்தேன், விளம்பரத்தில் வரும் ஷாம்பு இரண்டை மாற்றிப் பார்த்தேன். எதுவும் இரண்டு கிழமை கேட்கும், அதன் பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். அம்மா கொழுந்து எடுப்பவர். சனிக்கிழமை இரவு எண்ணெய் வைத்து ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்தால் போதும் என்கிறார். மருந்துக்கடையில் கேட்டால் எண்ணெயை அறவே நிறுத்தச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஹட்டன் மருந்தாளர்

தங்கச்சி, கடைக்காரர் சொன்னது சரி. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லோருடைய தலையிலும் இருக்கிறது. 1874இல் தலைச்செதிலில் அதைக் கண்டு விவரித்த மலசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் அது தாங்கி நிற்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது என்பதால், நம் தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையை உடைத்துத் தின்கிறது. தின்றது போக ஒலேயிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் விடுகிறது. அது ஒத்துக்கொள்ளாத தலைகளில் தோல் எரிச்சலடைந்து, வேண்டிய வேகத்திற்கு மேல் செதில் செதிலாக உரிகிறது. அப்படிப்பட்ட தலையில் மேலும் எண்ணெய் ஊற்றுவது, வீட்டுக்குள் புகுந்த எலிக்குத் தேங்காய்ச் சொட்டு வைப்பது போன்றது.

பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்புவைக் கிழமைக்கு இரண்டு தடவை, இரண்டு முதல் நான்கு கிழமை வரை பாவியுங்கள். நுரையைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் விட்டுவைத்துப் பிறகு கழுவ வேண்டும்.

பண்டாரவளைப் பேத்தி

அண்ணன் எலிக் கதை சொன்னது ரசனையாக இருக்கிறது, ஆனால் எந்த எண்ணெய் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். ஒலேயிக் அமிலம் நிறைந்தது ஒலிவ் எண்ணெய். நாம் வைக்கும் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பமிலம். ஒலேயிக் அதில் சொற்பமே. அப்பாயி எண்பது வயது வரை எண்ணெய் வைத்தார், ஒரு செதில் கண்டதில்லை. நுவரெலியாப் பக்கம் தை மாதக் காற்றில் உதடே வெடிக்கும்போது, எண்ணெய் காணாத தலைத்தோல் மட்டும் வறண்டு உரியாமல் இருக்குமா?

இன்னொன்று. உங்கள் கடை ஷாம்புக்களில் பலவற்றில் இருந்த சிங்க் பைரித்தியோன் என்ற பொடுகு மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அழகுசாதனப் பொருள்களிலிருந்து விலக்கியதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? அதே வேளையில், 126 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் ஷாம்பு நான்கு கிழமையில் பொடுகை 41 சதவீதம் குறைத்தது. வெறும் ஷாம்பு போட்டவர்களுக்கு 11 சதவீதமே குறைந்தது. இயற்கைப் பொருளைக் கேலி செய்ய வேண்டாம்.

ஹட்டன் மருந்தாளர்

அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெயரால் நம் பக்கத்தில் நடக்கும் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டீ ட்ரீ என்பது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம். நம் மலையில் நிற்கும் தேயிலைச் செடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரைக் கேட்டுவிட்டுத் தேயிலைச் சாயத்தை ஆறவைத்துத் தலையில் ஊற்றியவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

சிங்க் விடயத்தில், விலங்குச் சோதனைகளை வைத்து இனப்பெருக்கத்திற்குத் தீங்கானது என்று வகைப்படுத்தியதால், அங்குள்ள சட்டப்படி அது தானாகவே தடைப் பட்டியலுக்குப் போனது. அமெரிக்காவில் கழுவிவிடும் ஷாம்புக்களில் அதற்கு அனுமதி இருக்கிறது. விருப்பமில்லாதவர்கள் செலினியம் சல்ஃபைடு கலந்த ஷாம்புவுக்குப் போகலாம்; பூசுவதற்கு முன் நகைகளைக் கழற்றி வைக்க வேண்டும், கறுத்துவிடும்.

தேங்காயெண்ணெய் பற்றி: லோரிக் அமிலம் 12 கார்பன் நீளமுடையது, மலசீசியா உணவாக்கிக்கொள்ளும் கொழுப்பமிலங்களின் நீளம் 11 முதல் 24 வரை. ஆகவே உங்கள் எண்ணெயும் அதன் தட்டில் விழக்கூடியதே. உங்கள் அப்பாயிக்குப் பொடுகு வராததற்கு அவருடைய தோல் காரணமாக இருக்கலாம். எண்ணெய் வைத்ததும் செதில் மறைவது ஒரு மயக்கம். அது தலையோடு ஒட்டிக்கொள்கிறதே தவிர எங்கும் போய்விடுவதில்லை.

லபுக்கலைக்காரர்

வாக்குவாதத்தின் நடுவே ஒரு வார்த்தை. நானும் ஐந்து வருடம் பொடுகு என்று நினைத்து எல்லாவற்றையும் பூசினேன். ஒரு கடையில் அரிப்புக்கென்று ஸ்டீரொய்ட் கலந்த லோஷனைச் சீட்டில்லாமல் கொடுத்தார்கள். பூசியவரை சுகம், நிறுத்தியதும் முன்னைவிட மோசம். கடைசியில் சரும கிளினிக்கில் வைத்தியர் தலையைப் பார்ப்பதற்கு முன் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் வெள்ளி போல் தடித்த செதில் இருந்தது. எனக்கு இருந்தது சொரியாசிஸ் என்ற தோல் நோய். சிறு பிள்ளைகளுக்குச் செதிலோடு முடியும் வட்டமாகக் கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து தேவை, ஷாம்பு மட்டும் போதாது.

கொட்டகலை ஆசிரியை

முழங்கையைப் பார்த்துக்கொண்டேன், ஒன்றுமில்லை. என் சிக்கல் வேறு. ஐந்து நிமிடம் நுரையோடு நிற்பது எங்கள் குளியல் மறைப்பில் இலேசான காரியம் இல்லை. விறகடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் சுட வைத்து, அதை வாளியில் பீலித் தண்ணீரோடு கலந்து, தகரக் கதவின் இடுக்கால் காற்று வீசும்போது தலையைத் தேய்த்து முடிப்பதற்குள் பல்லடிக்கும். உண்மையைச் சொன்னால் ஷாம்பு என் தலையில் அரை நிமிடம்கூட இருந்ததில்லை. எண்ணெயும் அப்படித்தான்: இந்தக் குளிரில் போத்தலுக்குள் மெழுகாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து இளக்கிப் பூசுவோம்; மறுநாள் மழை பிடித்தால் தலைக்குக் குளிப்பது அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும்.

ஹட்டன் மருந்தாளர்

நீங்கள் வாங்கிய போத்தல்களில் குறை இருந்ததா என்று இனிச் சொல்வது கடினம், ஏனென்றால் எதற்கும் நேரம் கிடைக்கவில்லை. உடம்பு நனையாமல், பகல் பதினொரு மணி வெயிலில் பேசின் மீது குனிந்து தலையை மட்டும் கழுவுங்கள். நுரையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றால் ஐந்து நிமிடம் தெரியாது. குறைந்த பிறகும் கிழமைக்கு ஒரு தடவையோ இரண்டு கிழமைக்கு ஒரு தடவையோ தொடர வேண்டும், ஏனென்றால் பூஞ்சை தலையை விட்டுப் போவதில்லை. நிறுத்தியதும் திரும்பி வந்ததை மருந்தின் தோல்வி என்று எண்ணியவர்கள்தான் ஐந்தாறு ஷாம்புவை மாற்றுகிறார்கள்.

பண்டாரவளைப் பேத்தி

எட்டு நாள் தலையில் ஊறிய எண்ணெய்க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்; அப்பாயி வைத்த எண்ணெய் மறுநாளே சீயக்காயோடு இறங்கிவிடும். ஆனாலும் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன்: தடித்து ஒட்டிய செதிலை இளக்க, கழுவுவதற்கு முன் எண்ணெய் பூசச் சொல்லும் சரும வைத்தியர்கள் இருக்கிறார்களா, இல்லையா?

ஹட்டன் மருந்தாளர்

இருக்கிறார்கள். இளக்கிய பின் அன்றே கழுவ வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்வார்கள். தேசிக்காயைப் பற்றி மட்டும் உங்களிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் புண்ணாகிக் கறுக்கும். மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

கொட்டகலை ஆசிரியை

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். புதன் மாலையிலும் ஞாயிறு பகலிலும், துவாய் சுற்றி, கடிகாரம் பார்த்துச் செய்தேன். காதின் பின்புறம் சுத்தமாகிவிட்டது, உச்சியில் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. எண்ணெய், கழுவும் நாளின் காலையில் மட்டும். இப்போது அம்மா மிச்சத்தைத் தனக்குக் கேட்கிறார். கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில், நெற்றிக்கு மேல் ஒரு விரல் அகலத்திற்கு அவருக்குத் தோல் தடித்து உரிகிறது, மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. அதற்கும் இதே ஷாம்புதானா?

ஹட்டன் மருந்தாளர்

ஒரே கோட்டில் மட்டும் உரிந்தால் கயிற்றின் உராய்வாக இருக்கலாம். கயிற்றுக்கு அடியில் மடித்த பருத்தித் துணியை வைத்து, அதைத் தினமும் துவைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் ஷாம்பு வாங்க என்னிடம் வர வேண்டாம், அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.