நாள் முழுவதும் குழந்தையோடு இருந்தும் அந்தச் சிறு மகிழ்ச்சிகள் கைநழுவிப் போவது ஏன்?

கேள்வி: ஒன்றரை வயது மகளின் தாய்

தோழியர் அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஒரு வயது ஏழு மாதம். நடை பழகி, ஓடத் தொடங்கி, எட்டாத இடத்தையெல்லாம் எட்டிப் பிடிக்கும் பருவம் இது என்பதால், காலையில் அவள் கண் விழித்தது முதல் இரவு உறங்கும் வரை நான் அவள் பின்னாலேயே இருக்கிறேன். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சிந்தியதைத் துடைப்பது, இறைத்ததை எடுத்து வைப்பது, மறுபடியும் உடை மாற்றுவது என்று ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

இவற்றுக்கு நடுவே மனம் நெகிழும் நொடிகள் வராமல் இல்லை. நேற்று மாலை நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது குவியலிலிருந்து ஒரு கைத்துண்டை உருவித் தரையில் விரித்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் சுருக்கங்களை நீவி நீவிச் சமன் செய்தாள். பிறகு அதைச் சுருட்டி என் மடியில் வைத்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை இப்போது எழுதும்போதுதான் முழுமையாகப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் என் மனம் அடுத்த வேலைக்குப் போயிருந்தது. இரவு படுத்த பிறகு அன்றைய நாளை நினைத்துப் பார்த்தால் செய்து முடித்த வேலைகள்தான் வரிசையாக நினைவுக்கு வருகின்றனவே தவிர, அவள் சிரித்தது எதற்காக என்பது நினைவில் நிற்பதில்லை.

‘இந்தப் பருவம் திரும்ப வராது, நன்றாக அனுபவித்துக்கொள்’ என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தாலும், அதைக் கேட்கும்போதெல்லாம் எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்ற தவிப்பே மிஞ்சுகிறது. அனுபவமுள்ளவர்களிடம் இரண்டு கேள்விகள். இந்தச் சின்னச் சின்ன மகிழ்ச்சிகளை வேலைகளுக்கு நடுவிலேயே நின்று பார்க்க நீங்கள் எவ்வாறு பழகினீர்கள்? இன்னொன்று, இந்த வயதில் நடப்பவை எதுவும் பின்னாளில் அவள் நினைவில் இருக்காது என்கிறார்களே, அப்படியானால் இந்த நாள்களால் அவளுக்குக் கிடைப்பதுதான் என்ன?

மறுமொழி 1: மழலையர் காப்பகத்தில் பணியாற்றும் ஒரு தாய்

வணக்கம் தோழி. இந்த வயதுக் குழந்தைகளுடன் வேலை செய்பவள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் எனக்குப் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். குழந்தை அந்த நேரத்தில் என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், நமக்குத் தாமதமாகவும் தொல்லையாகவும் தோன்றியவையே நின்று பார்க்கத் தக்கவையாக மாறிவிடுகின்றன. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று மனத்தை வற்புறுத்துவதைக் காட்டிலும் இது எளிது.

நடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதங்கள் வரையுள்ள குழந்தைகள் தம் விருப்பம்போல் விளையாடுவதைக் கவனித்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைப்பதாகவும் 17 முறை விழுவதாகவும் அதில் கண்டறிந்தார்கள். இதைப் படித்த பிறகு காப்பகத்தில் ஒரு குழந்தை விழுந்து, கையை ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, தள்ளாடி நிமிர்ந்து, எதுவுமே நடக்காதது போல் மறுபடி நடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த விடாமுயற்சியின் மீது பெரும் மரியாதை உண்டாகிறது. அடிபடாத விழுகைக்கெல்லாம் பதறி ஓடுவதை நிறுத்தி, அது எழுவதைப் பார்க்கத் தொடங்கினேன். எழுந்ததும் பெரும்பாலும் நம் பக்கம் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள்.

இந்த வயதுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. பொம்மை நாற்காலியில் உண்மையாகவே உட்காரப் பார்ப்பார்கள். உள்ளங்கையளவு பொம்மை வண்டியின் கதவைத் திறந்து காலை உள்ளே நுழைக்க முயல்வார்கள். விளையாட்டுக்காகச் செய்வதன்று, மிகுந்த அக்கறையோடு செய்வார்கள். ஜூடி டெலோக் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 18 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் இதைக் கண்டு 2004இல் விரிவாக எழுதினர். அது என்ன பொருள், அதை வைத்து என்ன செய்வது என்பதைக் குழந்தையின் மூளை உடனே அறிந்துகொள்கிறது; ஆனால் அதன் அளவைக் கணக்கில் கொண்டு செயலைத் தடுக்கும் திறன் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். சில மாதங்களில் இது தானாகவே மறைந்துவிடும். ஆகவே உங்கள் மகள் தன் பொம்மையின் காலணிக்குள் விரலை நுழைத்துத் திணறிக்கொண்டிருந்தால், உதவிக்குப் போவதற்கு முன் சற்று நின்று பாருங்கள்.

கைத்துண்டுக்கு வருகிறேன். ஃபெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் டொமசெல்லோ ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், துணி உலர்த்துபவர் கவ்வியைத் தவறவிட்டுவிட்டு எட்டாமல் கையை நீட்டியபோது, 18 மாதக் குழந்தைகள் பலர் யாரும் கேட்காமலேயே, பரிசு எதையும் எதிர்பாராமலேயே அதை எடுத்துக் கொடுத்தனர். வேண்டுமென்றே எறிந்த பொருளை அவ்வாறு எடுத்துத் தர அவர்கள் முனையவில்லை. அதாவது எதிரில் இருப்பவர் என்ன செய்ய நினைக்கிறார் என்பதை ஒன்றரை வயதிலேயே புரிந்துகொண்டு, அதில் பங்கெடுக்கவும் விரும்புகிறார்கள். உங்கள் மகள் சுருட்டித் தந்த துண்டு அந்த வகையைச் சேர்ந்தது. அவள் உங்கள் வேலைக்கு இடையூறாக வரவில்லை. உங்களோடு சேர்ந்து வேலை செய்ய வந்தாள்.

எனவே என் யோசனை இதுதான். வேலையையும் அவளையும் தனித்தனியாகப் பிரித்து, வேலையை முடித்துவிட்டு அவளிடம் வரலாம் என்று எண்ணாமல், அன்றாட வேலைகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் அவளோடு சேர்ந்து, அவளுடைய வேகத்திலேயே செய்யுங்கள். எல்லா வேலையையும் அவ்வாறு செய்ய யாராலும் இயலாது. மற்றவற்றை வழக்கம்போல் விரைவாக முடித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2: நான்கு வயது மகனின் தாய்

நினைவில் நிறுத்துவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படம் எடுப்பதை விட எனக்கு உதவியது எழுதி வைத்ததுதான். ஒரு வரி போதும். ஆனால் ‘இன்று மிகவும் சமர்த்தாக இருந்தான்’ என்பது போன்ற வரியால் பயனில்லை. அவன் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்பதை அவன் மழலையிலேயே எழுத வேண்டும். என் மகன் நான்கு கால் உள்ள எல்லா விலங்குகளையும் ‘பௌ பௌ’ என்றே அழைத்துவந்தான். மேசையைக் கூட ஒரு முறை அவ்வாறு அழைத்தான். சொற்கள் பெருகத் தொடங்கியதும் அது நின்றுவிட்டது, எப்போது நின்றது என்பதே தெரியாமல் நின்றுவிட்டது. திருத்தமாகப் பேசத் தொடங்கிய பிறகு பழைய உச்சரிப்பு நம் காதிலிருந்தும் அழிந்துவிடுகிறது. எழுதி வைத்ததைப் படித்தால்தான் அந்தக் குரல் திரும்பக் கேட்கிறது. கைபேசியில் குரலை மட்டும் பதிவு செய்து வைப்பதும் நல்லது. கேமராவைத் தூக்கினால் அவர்கள் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கைபேசியை நோக்கி ஓடி வந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 3: இரட்டையரின் தாய்

மேலே எழுதிய தோழியர் இருவர் சொன்னதும் உண்மைதான். ஆயினும் நான் சற்று மாறுபடுகிறேன். களைத்துப் போன ஒரு தாயிடம் ‘இதையும் கவனி, அதையும் எழுதி வை’ என்று சொன்னால் மகிழ்ச்சியும் அவளுடைய வேலைப் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு நொடியும் இனிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத்தான் முதலில் இறக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையிலான பரிமாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், நல்ல உறவுள்ள தாயும் சேயும் கூட ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது ஏறக்குறைய 30 விழுக்காட்டு நேரம்தான் என்று எழுதியிருக்கிறார். மற்ற நேரங்களில் குழந்தை ஒன்றை நாடும், தாய் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இருவரும் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். அந்த விலகலும் சேர்தலும்தான் குழந்தைக்கு நம்பிக்கையைக் கற்பிக்கின்றன என்பது அவர் கண்டது. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் போதும் என்று 1950களிலேயே எழுதினார். அந்தக் கைத்துண்டை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனதால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை, தோழி. சில நிமிடம் கழித்து அவள் வேறொன்றைக் கொண்டுவந்திருப்பாளே?

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. நாளில் ஒரு மணி நேரமாவது குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறாரா? இரவில் தொடர்ச்சியாகத் தூங்குகிறீர்களா? ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அவள் தூங்கும் அந்த நேரம் முழுவதையும் நீங்கள் வீட்டு வேலைக்கே செலவிட்டால், அவள் விழித்ததும் அவளைப் பார்த்து மகிழும் தெம்பு எங்கிருந்து வரும்? பகல் உறக்கத்தில் ஒரு பகுதியையாவது உங்கள் ஓய்வுக்கென்று ஒதுக்குங்கள்.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எழுத்தில் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எதிலும் மகிழ்ச்சி தோன்றாமல், மனம் மரத்துப் போனது போல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். பிரசவம் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டது என்பதால் மனச்சோர்வு வராது என்று பொருளில்லை. அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகிறது.

மறுமொழி 4: மூன்று பேரப்பிள்ளைகளின் பாட்டி

அன்புள்ள மகளுக்கு, உன் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவு எது என்று கேட்டால் பெரும்பாலோர் மூன்று, மூன்றரை வயதில் நடந்ததைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் காட்சியாக நிற்பதில்லை. ஆனால் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்பது வேறு, அதன் வழியாகக் கற்றதைக் கைக்கொள்வது வேறு. நடக்கக் கற்ற நாள் நம் யாருக்கும் நினைவில்லை; நடையை மறந்தோமா?

உன் மகளைத் திறந்தவெளியில் இறக்கிவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்துகொள். அவள் சற்று தூரம் ஓடுவாள், குனிந்து எதையோ பொறுக்குவாள், பிறகு திரும்பி நீ இருக்கிறாயா என்று பார்ப்பாள். நீ இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் தூரம் போவாள். ஏதாவது சத்தம் கேட்டால் ஓடிவந்து உன் முழங்காலைக் கட்டிக்கொள்வாள். அச்சம் தெளிந்ததும் மறுபடி புறப்படுவாள். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்து, தாயைப் பாதுகாப்பான தளமாகக் கொண்டு குழந்தை உலகை அறியப் புறப்படுகிறது என்று விளக்கினார். அம்மா அங்கேதான் இருப்பாள், கூப்பிட்டால் வருவாள் என்ற உறுதியைத்தான் உன் மகள் இந்த நாள்களிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். அதற்கு எந்த நாளின் பெயரும் அவளுக்கு நினைவிருக்கத் தேவையில்லை.

என் பேரப்பிள்ளைகளில் மூத்தவளுக்கு இப்போது பதினொரு வயது. சின்ன வயதில் நான் அவளை உறங்க வைத்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை என்கிறாள். ஆனால் காய்ச்சல் வந்தால் இன்றும் என் பக்கத்தில் வந்து படுத்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறாள்.

கேள்வி கேட்டவர்

நேரம் ஒதுக்கி இவ்வளவு எழுதிய உங்கள் அனைவருக்கும் நன்றி. பாட்டி அம்மா, நீங்கள் சொன்ன அந்தத் திரும்பிப் பார்த்தலை இன்று மாலை பார்த்தேன். இத்தனை நாளும் அதை அவள் தயக்கம் என்றே எண்ணியிருந்தேன். இரட்டையரின் தாய் கேட்டதற்குப் பதில்: இரவில் ஓரளவு தூங்குகிறேன், ஆனால் பகலில் எனக்கென்று நேரம் இல்லை. இனி மாலையில் ஒரு மணி நேரம் குழந்தையைத் தான் வைத்துக்கொள்வதாக என் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காப்பகத் தோழியிடம் ஒரு சந்தேகம். துணி மடிப்பது சரி. துவைப்பது, துடைப்பது போன்ற தண்ணீர் வேலைகளில்தான் அவளுக்கு ஆசை அதிகம். இந்த வயதில் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம்?

மறுமொழி 5: மழலையர் காப்பகத்தில் பணியாற்றும் ஒரு தாய்

தாராளமாக அனுமதிக்கலாம், அவள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வரை. அகலமான தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிறு துணியைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். அதிலேயே வெகுநேரம் ஆழ்ந்துவிடுவாள். அவள் துடைத்த இடத்தை அவள் கண்ணெதிரே உடனே மறுபடி துடைக்க வேண்டாம். பிறகு செய்துகொள்ளலாம். காலுறைகளை இணை சேர்ப்பது, உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது ஆகியவற்றையும் இந்த வயதினர் விரும்பிச் செய்வார்கள்.

ஆனால் வாளியை மட்டும் கொடுக்காதீர்கள். இந்த வயதில் தலையின் எடை உடலோடு ஒப்பிட அதிகம் என்பதால், எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குல நீரே ஆபத்தாகிவிடும், சத்தமும் கேட்காது. வேலை முடிந்ததும் வாளி, தொட்டி எதுவானாலும் நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், குளியலறைக் கதவையும் சாத்தித் தாழிடுங்கள்.