பிளாக் பெல்ட் யார் கொடுத்தது?

காட்பாடிக்காரன்: "பிளாக் பெல்ட்டை உலகத்துக்குத் தந்த மகான் கிச்சின் ஃபுனகோஷி" என்று தொரப்பாடி தம்பி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883லேயே டான் என்ற தேர்ச்சிப் பட்டம் கொடுத்துவிட்டார், டான் வாங்கியவர்கள் அந்த 1880களிலேயே கறுப்பு பெல்ட் கட்டிவிட்டார்கள். ஃபுனகோஷி 1868ல் பிறந்தவர், 1883ல் ஒகினாவாவில் 15 வயதுப் பையன்.

தொரப்பாடி மாணவன்: அண்ணே, நான் சொன்னது கராத்தே. கராத்தேயில் முதல் டான் 1924ல் ஃபுனகோஷி கையால் கொடுத்தது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 1922ல் டோக்கியோ போய்ச் செய்து காட்டி, அப்புறம் கல்லூரி மாணவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் வேலூரில் இன்று ஒரு பையன் கட்டா, அதாவது வரிசையாகச் செய்யும் கராத்தே அசைவுகள், போடுவானா?

காட்பாடிக்காரன்: நேற்று "உலகத்துக்கு" என்று எழுதிவிட்டு இன்றைக்கு "கராத்தேயில்" என்றால் எப்படி? அந்த 1922ல் ஃபுனகோஷியைத் தன் ஜூடோ பள்ளியான கொடோகானுக்குக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னதே கானோதான். டான் முறை அங்கிருந்து வந்தது. 1883, தம்பி.

சேண்பாக்கம் சிலம்பம்: ஜப்பானுக்காக இவ்வளவு சண்டையா? எங்கள் ஆசான் பெல்ட் கொடுத்ததே இல்லை, கம்பு சுற்றுவதைப் பார்த்தாலே யார் தேறினார்கள் என்று தெரியும்.

தொரப்பாடி மாணவன்: சிலம்பத்தை யாரும் இங்கே கேட்கவில்லை.

சேண்பாக்கம் சிலம்பம்: கேட்க மாட்டீர்கள். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றுவதற்கு மட்டும் நாங்கள் வேண்டும்.

குடியாத்தம் அம்மா: யார் ஆரம்பித்தாரோ, பணம் கட்டுவது நாங்கள். என் மகள் போகும் கிளாஸில் சில மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். கேட்டால் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

காட்பாடிக்காரன்: வரலாறு தெரியாமல் கற்றுக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும் அக்கா. ஃபுனகோஷியின் குரு இதோசு அன்கோ ஒகினாவா பள்ளிகளுக்குள் கராத்தேயைக் கொண்டுபோனவர், பிள்ளைகளுக்காகவே பினான் கட்டாக்களை அமைத்தவர். அவர் பெயரை இவர்கள் கிளாஸில் ஒருவராவது சொல்வதுண்டா?

தொரப்பாடி மாணவன்: எங்கள் கிளாஸை இழுக்காதீர்கள். போன வருடம் போட்டியில் உங்கள் பசங்கள் தோற்ற கோபம் இன்னும் போகவில்லை, அதுதான் விஷயம். "கராத்தேயில் முதல் அடி நம்முடையது இல்லை" என்று கற்பித்தவர் ஃபுனகோஷி, அதனால்தான் பொறுமையாகப் பேசுகிறேன். 1924.

காட்பாடிக்காரன்: அந்தப் போட்டியில் நடுவர் யார் பக்கம் இருந்தார் என்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அதை அப்புறம் தனியாகப் பேசுகிறேன். முதலில் நேற்று எழுதியதைத் திருத்துங்கள். கானோ, 1883.

தொரப்பாடி மாணவன்: திருத்த மாட்டேன்.