மேலதிக நேரப் பணத்திலும் கழிப்பதா?

வெள்ளவத்தை வாசி: துணைக்கும் பிள்ளைக்கும் நீதிமன்றம் கட்டச் சொன்ன தாபரிப்புப் பணத்தைக் கட்டாதவரின் முழுச் சம்பளத்திலும் கழிக்க வேண்டுமென நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருந்தார். அடிப்படைச் சம்பளத்தில் கழியுங்கள், சரி. இரவு பத்து மணிவரை நின்று உழைத்த மேலதிக நேரப் பணத்திலுமா?

முகத்துவாரத் தாய்: என் பிள்ளைக்கும் அடிப்படைப் பசி, மேலதிகப் பசி என்று இரண்டு இருக்கிறதோ? எட்டு மாத நிலுவை ஐயா. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் மாளிகாகந்தை நீதிமன்றத்துக்கு அலைகிறேன். பிடியாணை என்றதும் ஒரு மாதக் காசைக் கட்டிவிட்டு அவர் சிரித்துக்கொண்டு போகிறார்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: 22 வருடம் சம்பளப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். தாபரிப்புக்கு இருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம். நீதவான் கட்டளையிட்டால் தொழில்தருநர் கழித்தே தீர வேண்டும். கட்டளை வந்த அன்றே ஒருவர் என் மேசைக்கு வந்து, “அடிப்படையைக் குறைத்து, மிச்சத்தைக் கொடுப்பனவு என்று போட்டுவிடுங்கள் அண்ணை” என்று காதில் சொன்னார். சட்டைப் பையில் புதுத் தொலைபேசி மினுங்கியது.

வெள்ளவத்தை வாசி: கதை வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடம் பிடிக்கும் 8 வீதம்கூட மேலதிக நேரத்தில் பிடிப்பதில்லை. தாபரிப்புக்கு மட்டும் எப்படி?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: அது வேறு, இது வேறு.

வெள்ளவத்தை வாசி: எப்படி வேறு?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: வேறுதான். நான் போட்ட சம்பளப் பட்டியல்களை அடுக்கினால் உங்கள் மாடிவீட்டு உயரம் வரும்.

மருதானை ஓட்டோ: மாதச் சம்பளக்காரனுக்கே இந்தச் சண்டை. என் தங்கையின் கணவனும் ஓட்டோ ஓட்டுகிறான். அவனிடம் எந்தச் சம்பளத்தில் கழிப்பீர்கள்?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: தம்பி, நடுவில் வராதீர்கள்.

வெள்ளவத்தை வாசி: எப்போதும் ஆண்தான் கட்ட வேண்டும்!

முகத்துவாரத் தாய்: சட்டம் வாழ்க்கைத்துணை என்றுதான் சொல்கிறது. வசதியுள்ள மனைவியும் கட்ட வேண்டும். வாசித்துவிட்டு வாருங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: இவர் எங்கே வாசிப்பார்? போன மாதம் பணிக்கொடைக் கணக்கில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளவத்தை வாசி: அந்தக் கணக்கில் பிழைவிட்டவர் நீங்கள்! அதை விடுங்கள். மேலதிக நேரம் என்று சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: 22 வருடம், தம்பி. 22 வருடம்.

முகத்துவாரத் தாய்: வியாழக்கிழமை மறுபடியும் தவணை. அவர் வருவாரா என்று யாராவது சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி: வரியைக் காட்டச் சொன்னேன்.