விண்டோஸ் 11-இல் பெயின்ட் திறக்கவில்லை, உதவி தேவை

ஊட்டியில் இருந்து எழுதுகிறேன். லேப்டாப்பில் பெயின்டைக் கிளிக் செய்தால் ஜன்னல் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஐ3, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 (24எச்2). போன வாரம் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து இப்படி.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் வடிவங்களை ஒரு பிக்சலுக்கு ஒரு தையல் என்று பெயின்டில் பதிந்து வருகிறேன். தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணியேதான் கறுப்பும் சிவப்புமாகத் தைக்கிறார்கள். ஒரு இழை பிசகினாலும் வடிவம் கெட்டுவிடும். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும் பெயின்ட்தான் இதற்குச் சரி. ஃபோன் செயலிகள் ஓரங்களை மழுக்கிவிடுகின்றன.

செட்டிங்ஸில் ரிப்பேர், ரீசெட் இரண்டும் செய்தாயிற்று. நீக்கிவிட்டு ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கினேன், மழையில் நெட் விட்டு விட்டு வந்தாலும் முழுதாக இறங்கியது. விண்டோஸ் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேனில் குறை எதுவும் இல்லை என்றே வந்தது. கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்தேன். பெயின்டைச் சிஸ்டம்32 ஃபோல்டரில் தேடச் சொல்லும் வீடியோக்கள் பழைய விண்டோஸுக்கானவை. இதில் பெயின்ட் ஸ்டோர் செயலி.

அப்புறம் முக்கியமான ஒன்று: புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கிப் பார்த்தேன், அதில் பெயின்ட் நன்றாகத் திறக்கிறது. அப்படியென்றால் கோளாறு என் பழைய கணக்கில்தான் இருக்க வேண்டும். ஆனால் என் கோப்புகளும் மற்ற செட்டிங்குகளும் அதில்தான் இருக்கின்றன.

பழைய கணக்கை விடாமல், அதிலேயே பெயின்டைத் திறக்க வைக்க என்ன செய்ய வேண்டும்?