41 வரி மொழிபெயர்ப்பு, மாற்றப் பட்டியலில முழுக்கோப்பும்: புல் ரிக்குவெஸ்ட்டை மூடவோ?

பூநகரியான்:
குளங்களின்ர நீர்மட்டம் பதியிற திறமூல மென்பொருள் ஒண்டுக்கு, தமிழ் பீஓ கோப்பில (ஆங்கில வாக்கியமும் அதின்ர மொழிபெயர்ப்பும் சோடியா இருக்கிற கோப்பு) 41 வாக்கியம் மொழிபெயர்த்து, கிட்ஹப் தளத்தில புல் ரிக்குவெஸ்ட் (என்ர மாற்றத்தைத் திட்டத்தில சேர்க்கச் சொல்லிக் கேக்கிற கோரிக்கை) போட்டிருக்கிறன். பாவிக்கிறது விண்டோஸ், பீஓ கோப்பைத் திருத்திற போஎடிட் மென்பொருள். தொட்டது 41தான், மாற்றப் பட்டியலில முழுக்கோப்பும் சிவப்பும் பச்சையுமா நிக்குது. தானியங்கிச் சோதனையும் தோல்வி. பராமரிப்பாளர் இதை வாசிச்சு முடிக்கேலாது எண்டிட்டார். மூடிப்போட்டுப் புதுசா அனுப்பவோ? இங்க போன் டேட்டாதான், சிக்னல் விட்டு விட்டு வரும். முழுத் திட்டத்தையும் இறக்க வழியில்லை.

மாங்குளம் சந்தி:
மூடாதேங்கோ தம்பி. அதே கிளையில ('பிராஞ்ச்') திருத்தத்தைப் போட்டா அதே ரிக்குவெஸ்ட் தானாப் புதுப்பிக்கப்படும். புதுசாத் திறந்தா அந்த மனுசன் ரெண்டு இடத்தில பார்த்து அலையவேணும்.

முழுக்கோப்பும் மாறினதுக்குக் காரணம் ரெண்டில ஒண்டு. வரிமுடிவுக் குறி விண்டோஸ் முறைக்கு மாறியிருக்கும். எழுத்து ஒண்டும் மாறாமலே ஒவ்வொரு வரியும் புதுவரி ஆகியிடும். அல்லது போஎடிட் நீள வரிகளைத் தன்ர அளவுக்கு மடிச்சிருக்கும். செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் பக்கத்தில வரிமுடிவை யுனிக்ஸ் எண்டு வையுங்கோ, பழைய கோப்பின்ர வடிவத்தைப் பேணுற தெரிவிலயும் சரி அடியுங்கோ.

பிறகு மூலத்திட்டத்திலயிருந்து அந்த ஒரு பீஓ கோப்பை மட்டும் இறக்குங்கோ. அதைப் போஎடிட்டில திறந்து ப்ரீ-டிரான்ஸ்லேட் குடுத்தா, முந்திச் சேமிச்ச உங்கட 41உம் அதின்ர நினைவகத்திலயிருந்து திரும்ப வந்து நிரம்பும். திரும்பத் தட்டத் தேவையில்லை. 'ஃபஸி' (சரிபார்க்கவேணும் எண்ட) குறி விழுந்த வரிகளை ஒவ்வொண்டாப் பார்த்துக் குறியை எடுங்கோ. குறியோட விட்டா தொகுக்கேக்க அந்த வரி விடுபட்டு, பாவிக்கிறவருக்கு ஆங்கிலம்தான் தெரியும்.

கடைசியா உலாவியில உங்கட போர்க் (திட்டத்தின்ர உங்கட பிரதி), உங்கட கிளை, அதே கோப்புறை. 'அப்லோட் ஃபைல்ஸ்'ல அதே பெயரோட ஏத்துங்கோ. குளோன் (முழுத் திட்டத்தையும் கணினிக்கு இறக்கிறது) தேவையே இல்லை. எப்பவாவது குளோன் செய்யத்தான் வேணுமெண்டா 'டெப்த் 1' சேர்த்து, கடைசி நிலையை மட்டும் எடுங்கோ. பாதியில சிக்னல் போனா கிட் குளோன் விட்ட இடத்திலயிருந்து தொடராது, முதலிலயிருந்துதான்.

பூநகரியான்:
நன்றி அண்ணை, இப்ப 41 வரிதான் காட்டுது. சோதனை மட்டும் இன்னும் சிவப்பு. ஆங்கிலத்தில பதிவுகளின்ர எண்ணிக்கை நிரம்புற %டி குறி முதல், குளத்தின்ர பெயர் நிரம்புற %எஸ் குறி பிறகு. நான் "%எஸ்க்கு %டி பதிவுகள் மாற்றப்பட்டன" எண்டு போட்டிருக்கிறன். (கோப்பில இந்தக் குறிகள் %d, %s எண்டு ஆங்கில எழுத்துத்தான்.)

ஒட்டுசுட்டான்:
இதில பிழை ரெண்டு. சோதனைக்குத் தெரிஞ்சது ஒண்டுதான்.

நிரல் மாறிகளை வந்த வரிசையிலதான் நிரப்பும். நீங்கள் இடம் மாத்தினதால எண்ணிக்கை போய் %எஸ் இடத்தில விழும். சீ மொழி நிரல் அந்த எண்ணை நினைவக முகவரி எண்டு நினைச்சு வாசிக்கப்போய் அப்பிடியே விழுந்திடும். தமிழில வரிசை மாறத்தான் செய்யும், அதுக்கு இலக்கம் குடுங்கோ: %2$எஸ், %1$டி. பைதன் திட்டங்களில பெரும்பாலும் அடைப்புக்குள்ள மாறியின்ர பெயரே இருக்கும். அந்தப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது.

மற்றது வேற்றுமை உருபு. %எஸ்க்கு எண்டு ஒட்டினா, இரணைமடு வரேக்க "இரணைமடுக்கு", வவுனிக்குளம் வரேக்க "வவுனிக்குளம்க்கு". ரெண்டாவதை எங்கட ஆக்கள் ஆரும் சொல்லமாட்டினம். மாறியில உருபை ஒட்டாதேங்கோ. பின்னால ஒரு பொதுப்பெயரை வைச்சு அதில ஒட்டுங்கோ: "%2$எஸ் என்ற குளத்துக்கு %1$டி பதிவுகள் மாற்றப்பட்டன". முத்தையன்கட்டு வந்தாலும் நிக்கும். இதை எந்தச் சோதனையும் பிடிக்காது, தமிழ் தெரிஞ்ச ஆள்தான் பிடிக்கவேணும். அதனாலதான் உங்களைப்போல ஆக்கள் இதைச் செய்யவேணும்.

ஒருமை, பன்மை ரெண்டு பெட்டியையும் நிரப்பினீங்களோ எண்டும் பாருங்கோ. சுழியத்துக்கும் பன்மைதான் வரும்.

நெடுங்கேணி:
ரெண்டு விசயம் சேர்க்கிறன்.

திட்டத்தின்ர கொன்ரிபியூட்டிங் கோப்பை (பங்களிக்கிற ஆக்களுக்கான வழிகாட்டி) வாசியுங்கோ. மொழிபெயர்ப்பு வெப்லேட் எண்ட இணைய மொழிபெயர்ப்புக் கருவியில நடக்குதெண்டா நேர புல் ரிக்குவெஸ்ட் அங்கத்தைய மாற்றத்தோட மோதும்; அங்கயே எழுதுறதுதான் நல்லது. பீஓ கோப்பின்ர தலைப்பில உங்கட பெயரும் மின்னஞ்சலும் பொதுவில கிடக்கும், விருப்பமில்லாட்டி வேற முகவரி வையுங்கோ.

மற்றது, "மௌனமாக்கு" எண்ட சொல்லில ஔகாரக் குறிக்குப் பதிலா 'ள' விழுந்திருக்கோ பாருங்கோ. கண்ணுக்கு ஒண்டுபோலத் தெரியும். சரியான 'மௌ' யுனிகோட்டில 2 குறி. 'ம', ஒற்றைக்கொம்பு, 'ள' எண்டு தட்டினது 3 குறி. அப்பிடிக் கிடந்தா ஆரும் தேடேக்க அந்தச் சொல் அகப்படாது. கோப்பில "ெள" எண்டு தேடிப் பாருங்கோ. வாற எல்லாத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாத்தாதேங்கோ. "தெளிவு", "வெள்ளம்" எல்லாம் அதிலதான் வரும்.