மிதவையா, தூக்கலா, ஏந்தலா? மேக்லெவ் ரயிலுக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். காந்த விசையால் தடத்தைத் தொடாமல் எழும்பி ஓடும் மேக்லெவ் ரயிலுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பங்கு இது. நண்பர் ஒருவர் எழுதியது:

> மேக்லெவுக்குக் 'காந்த மிதவை ரயில்' என்றே வைத்துவிடலாம். எளிது, எல்லாருக்கும் புரியும்.

எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் நான் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க்காரன். எங்கள் கரையில் மிதவை என்றால் வலையின் மேல்கயிற்றில் கட்டுவது. சும்மா கிடந்தாலும் அது மிதக்கும். கட்டிப்போட்ட வள்ளமும் அப்படித்தான். ஜப்பானின் யமனாஷி தடத்தில் 2015இல் மணிக்கு 603 கி.மீ. தொட்ட வண்டி நிற்கும்போது மிதக்காது. ஏறக்குறைய 150 கி.மீ. வேகம் வரும்வரை ரப்பர் சக்கரத்தில்தான் ஓடும். வண்டியிலுள்ள மீக்கடத்துக் காந்தம் (மின்தடையே இல்லாத சுருளாலான வலிய காந்தம்) வேகமாகக் கடக்கும்போதுதான் பக்கச் சுவர்க் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் தூண்டப்பட்டுப் பிறக்கிறது. சுருளின் மேல்பாதி இழுக்கிறது, கீழ்பாதி தள்ளுகிறது. வண்டி பத்து செ.மீ. அளவுக்கு எழும்புகிறது.

ஷாங்காய் வண்டி வேறு வகை. அது நின்றாலும் எழும்பியே நிற்கும். அதன் அடிப்பகுதி தடத்தின் விளிம்பைச் சுற்றிக் கைபோல் வளைந்து கீழே போகிறது. அந்தக் கையிலுள்ள மின்காந்தம் மேலேயுள்ள எஃகை நோக்கி ஈர்க்கப்படுகிறது. அதாவது கீழே போன கை மேலே எழும்பிப் பெட்டியைத் தாங்குகிறது. இடைவெளி சுமார் ஒரு செ.மீ.தான். நெருங்க நெருங்க ஈர்ப்பு கூடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், விலகினால் விட்டுவிடப் பார்க்கும். அதனால் உணரிகள் இடைவெளியை இடைவிடாமல் அளந்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தபடியே இருக்கவேண்டும். மிதவைக்கு இந்தக் கவலை ஏது?

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டார்: "அப்ப அது மிதக்கலைடா தம்பி. புள்ளைய ஏந்துற மாதிரில்ல ஏந்திக்கிட்டுப் போவுது?"

எனக்குச் சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. காந்த ஏந்தல். வண்டிக்கு ஏந்து ரயில், ரயிலைத் தொடரி என்று எழுதுவோர்க்கு ஏந்து தொடரி.

'காந்தத் தூக்கல்' என்று எழுதிய நண்பருக்கு: பாம்பனில் தூக்குப்பாலம் என்றால் கப்பல் வரும்போது தூக்கி, போனதும் இறக்குவது. 2025இல் திறந்த புதிய பாலத்திலும் நடுப்பகுதி அப்படித்தான் ஏறி இறங்குகிறது. தூக்குவது ஒருமுறை நடந்து முடியும் செயல். ஏந்துவது விடாமல் நடப்பது.

ஏந்தல் என்றால் பெருமகன் என்று பொருள் வருமே என்பீர்கள். வரட்டும். எங்கள் மாவட்டத்தில் எத்தனை ஊர்ப்பெயர்கள் ஏந்தல் என்று முடிகின்றன! மழைநீரை ஏந்தி வைக்கும் கண்மாய்க்கும் அதே பெயர்தான். இந்த மண்ணில் ஏற்கெனவே உழைக்கும் சொல் அது. கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன: ஷாங்காய் வகைக்கு ஈர்ப்பேந்தல், ஜப்பான் வகைக்குத் தூண்டலேந்தல், நடுவிலுள்ள வெளிக்கு ஏந்திடைவெளி.

> இராமேசுவரத்துக்கு இப்படியொரு ரயில் வராதா?

ஆசை எனக்கும் உண்டு. சக்கரமும் தண்டவாளமும் உரசுவதில்லை, தேய்மானம் குறைவு, செங்குத்தான ஏற்றத்திலும் ஏறும். ஷாங்காயில் 30 கி.மீ. தூரத்தைச் சுமார் எட்டு நிமிடத்தில் கடக்கிறார்கள். ஆனால் இருக்கும் தண்டவாளத்தில் இது ஓடாது. முழுத்தடமும் புதிதாகக் கட்டவேண்டும், செலவு மிகப் பெரிது. சென்னையிலிருந்து வருகிறவர் எங்கோ ஓரிடத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறவேண்டும். உரசல் போனாலும் காற்றின் எதிர்ப்பு போகாது. மிகு வேகத்தில் மின்சாரத்தைத் தின்பது அதுதான், இரைச்சலும் அதனால்தான். உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பதைப் பாம்பன்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். ஈர்ப்பேந்தல் தடத்தில் வண்டி பாதை மாற, நீண்ட எஃகு உத்திரத்தையே வில்போல் வளைக்கிறார்கள். தண்டவாளத்தில் நாம் பாயின்ட் என்பதற்கு ஈடானது அது. 'வளைகிளை' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
மண்டபத்திலிருந்து